எழுந்து நிற்கும் பீர்

அந்தக் கடையின் பீரில் யாராவது உப்புப் போட்டால் பீர் எழுந்து நிற்கும். பொங்கி வழியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நுரை பொங்குவதை உலகத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அதைச் சொல்ல ஒரு கதை தேவையில்லை. இது எழுந்து நிற்பது. கிளாஸின் வடிவம் குலையாமல், தலையில் நுரையோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கிளாஸை விட்டு வெளியே வந்து, ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொள்ளும். போட்ட உப்பு அத்தனையும் உதிர்ந்து காலிக் கிளாஸின் அடியில் சேரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். உப்பைத் தட்டிக் கொட்டி, கிளாஸைத் துடைத்து வைத்தால் பழையபடி இறங்கி வந்து உட்காரும். துடைக்காமல் வைத்தால் உட்காராது. எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் மிளகு தூவினாலும் இதே கதைதான். சாறு மட்டும் உதிர்வதற்குப் பதிலாகச் சொட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடை, தெரு வளைகிற இடத்தில் இருந்தது. முன்னால் மேசைகள் போட்ட கூடம், பின்னால் தொட்டிகளும் அடுப்பும், இரண்டுக்கும் நடுவில் கிளாஸ்களை நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல். பின்கட்டில் பீர் காய்ச்சுபவரைப் பீர்க்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், அது திட்டுவதைவிட மோசம். முன்னால் கல்லாவில் அவர் மனைவி. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளைக் கல்லாக்கா என்றே கூப்பிட்டார்கள். கடை நடந்தது அவள் நாக்கில்தான். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் முதல் வாய் அவளுக்குப் போகும். வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கிவிட்டு, "ஆச்சு" என்பாள். இல்லையென்றால் "நாளைக்கு" என்பாள். மூன்றாவது வார்த்தை கிடையாது. நாளைக்கு என்றால் வாசலில் ஊரே நின்றாலும் அந்தத் தொட்டியைத் திறக்க மாட்டார் பீர்க்காரர்.

பீர் எழுந்து நிற்கத் தொடங்குவதற்கு முன்னால் அங்கே ஆளுக்கொரு பழக்கம் இருந்தது. பூட்டு ரிப்பேர்காரர் ஒரு தகர டப்பாவில் கல் உப்புக் கொண்டுவருவார். பீர்க்காரரின் கூடப்பிறந்த அக்கா தையல்காரம்மா, துணித்துண்டில் சுற்றிய அரை எலுமிச்சம்பழத்தோடு வருவாள். பல் டாக்டரின் சட்டைப் பையில் கிராம்பு. ரிட்டையரான லிஃப்ட் ஆபரேட்டர் காகிதத்தில் மடித்த மிளகுத்தூள் வைத்திருப்பார். தூவிவிட்டு, அது நுரையைத் தாண்டி இறங்குவதைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் கேட்பதில்லை. அடுத்தவர் உப்பில் கை வைப்பது அடுத்தவர் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுப்பது மாதிரி என்று அங்கே நினைத்தார்கள்.

பீர்க்காரர் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்ப்பார். வயிறு எரியும். பார்லியை முளைக்க வைத்து, வறுத்து, ராத்தூக்கம் கெட்டு ஒரு பீரைக் காய்ச்சி நீட்டினால், வாயில் வைப்பதற்கு முன்பே இவர்கள் அதைத் திருத்த ஆரம்பித்தால் யாருக்குத்தான் எரியாது? "டேய், உன் பீரை யாருடா குறை சொன்னா? நான் என் நாக்கைத்தான் சரி பண்ணிக்கிறேன்" என்று அவர் அக்கா இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுவாள். அவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

பிறகு ஒரு தொட்டி வந்தது. அதன் முதல் வாயைக் குடித்துவிட்டுக் கல்லாக்கா "ஆச்சு" என்றாள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, மறுபடி "ஆச்சு" என்றாள். அப்படி அவள் ஒருபோதும் இரண்டு தடவை சொன்னதில்லை. பீர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் வழியாக நீட்டாமல் தானே ஒரு கிளாஸை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, கதவோரமாக இருந்த பூட்டு ரிப்பேர்காரர் முன்னால் வைத்தார். ரிப்பேர்காரர் அப்போது யாரிடமோ ஒரு பிடிவாதமான பெட்டிப் பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் டப்பாவைத் திறந்து, கிளாஸைப் பார்க்கக்கூட இல்லை, ஒரு சிட்டிகை போட்டார். பீர் எழுந்து நின்றது.

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் ஆபரேட்டர்தான் முதலில் பேசினார். "மேல போறது, கீழ வர்றதெல்லாம் எனக்குப் புதுசில்லை. நடுவுல நின்னுட்டா மட்டும் ஆள் கூப்பிடணும்" என்றார். கூப்பிடுவதற்கு ஆள் யாரும் தெரியாததால், தத்தம் கிளாஸ்களையும் சோதித்துப் பார்த்தார்கள். எலுமிச்சைக்கு நின்றது, மிளகுக்கு நின்றது. கிராம்புக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

வருஷங்கள் போயின. சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்து, பீர் தரையைத் தொடாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வாடிக்கையாளர்கள் யாரும் கடையை மாற்றவில்லை. பழக்கத்தை இடம் மாற்றிக்கொண்டார்கள். உப்பு நாக்கின் மேல் போயிற்று, கிராம்பு கடைவாயில் ஒதுங்கியது, எலுமிச்சையை உதட்டில் தேய்த்துக்கொண்டார்கள், மிளகை உள்ளங்கையில் வைத்து நக்கினார்கள். வாய்க்குள் நடப்பதைப் பீர் கண்டுகொள்ளவில்லை. பீர்க்காரருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் தான் சொல்ல முடியாததைத் தன் பீர் சொல்லிவிட்டது என்று, ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தொட்டி கழுவினார்.

அப்படி இருக்கும்போதுதான் கல்லாக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் ஒன்றுமில்லை, தெருவில் பாதிப் பேருக்கு வந்து போனதுதான். எல்லாருக்கும் காய்ச்சல் மட்டும் போயிற்று. அவளுக்குக் கூடவே ருசியும் போய்விட்டது. சர்க்கரை வாயில் மணல், உப்பும் மணல். பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து நாக்கில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கைப்பழக்கத்தில் சமைத்தாள். நாத்தனார் வந்து சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்டும் காரத்தோடு, "அமிர்தம்" என்று கூசாமல் பொய் சொன்னாள். புதுத் தொட்டியின் முதல் வாயைக் கல்லாக்கா வாயில் வைத்தாள், கண்ணை மூடினாள், விழுங்கினாள். நெடுநேரம் கழித்து, "தெரியலைங்க" என்றாள்.

பீர்க்காரர் அதற்குப் பிறகு குத்துமதிப்பாகத்தான் தொட்டி திறந்தார். குடிப்பவர்கள் பிரமாதம் என்றார்கள். அவர்கள் எப்போதுமே பிரமாதம் என்று சொல்கிறவர்கள், அதை நம்பி என்ன செய்வது? ஜன்னலுக்குப் பின்னால் பாட்டு நின்றுபோயிற்று. தன் பீர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் கல்லாவில் சும்மா உட்கார்ந்து சில்லறையை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம், கூட்டமில்லாத நேரத்தில், இருவரும் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்க அக்கா எலுமிச்சம்பழம் பிழியறப்போல்லாம் அந்த வாசனை கல்லா வரைக்கும் வரும். எச்சில் ஊறும் எனக்கு. உப்பும் எலுமிச்சையும் போட்டு, நல்லாக் கலக்கி, ஒரே ஒரு கிளாஸ் குடிக்கணும்னு கல்யாணமாகி வந்ததுல இருந்து ஆசை. ருசி பாக்கிற நாக்கைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு ஒண்ணு. உங்க மூஞ்சி ஒண்ணு. அப்படியே விட்டுட்டேன். இனிமே குடிச்சாலும் தெரியப்போறதில்லை. தெரியாட்டிப் போகுது, ஒரு தடவை குடிச்சுடணும்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?" என்றார் அவர்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது.

அன்றே ஒரு கிளாஸை நிறைத்து, தன் கையாலேயே உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தார். அதுவரை யாருக்கும் நிற்காத உயரத்துக்கு, ஒரே மூச்சில் உத்தரம்வரை போய் நின்றது பீர். "நான்தான்டா போட்டேன்" என்றார் அண்ணாந்து. அது அசையவில்லை. கெஞ்சினார், அதட்டினார். கல்லாக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அதை ஏன் பாடாப்படுத்தறீங்க, விடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

விடுவதாவது! மனிதர் மூன்றாம் பேருக்குத் தெரியாமல் ஒரு திட்டம் போட்டார். கிளாஸில் போட்டால்தானே சேர்ப்பது, காய்ச்சும்போதே தொட்டியில் போட்டுவிட்டால் அது செய்முறை. பிறந்ததிலிருந்தே எலுமிச்சையோடு வளர்ந்த பீருக்கு எலுமிச்சை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார். பீரை அத்தனை வருஷம் காய்ச்சியவர் ஒருவரால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வேறு யாராக இருந்தாலும் தொட்டிக்கு மேலே கூரை இருப்பதையாவது யோசித்திருப்பார்கள்.

மூடியைத் திறந்ததும் தொட்டி பீர் மொத்தமும் எழுந்தது. வட்டமாக, கனமாக, மூடியையும் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் முட்டி நின்றது. ஓடுகள் இரண்டு விரல் உயர்ந்தன. எலுமிச்சைச் சாறு கீழே கொட்டுகொட்டென்று கொட்டியது. செய்தி பரவி, கடைக்கு வராதவர்களும் வந்து பார்த்தார்கள். பல் டாக்டர் நாற்காலி மேல் ஏறி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ரப்பர் குழாயால் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, வெறும் பீர்தான், எலுமிச்சை வாசனைகூட இல்லை என்று அறிவித்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை பின்கட்டில் எல்லாரும் குனிந்தே நடந்தார்கள்.

கழுவும்போது கூட நின்று தண்ணீர் ஊற்றியவள் அவர் அக்கா. "டேய், அது உன் பீருடா. உனக்கு என்ன மனசோ அதேதான் அதுக்கும். உப்பைப் பாத்தா உனக்குப் பத்திக்கிட்டு வருது, அதனால அதுக்கும் வருது. தொட்டியைத் தேச்சது போதும், போய் உன் நாக்கைத் தேய்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. ஆனால் பிடிக்காத ஒன்றைப் பிடிக்க வைத்துக்கொள்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. நடிக்கலாம், நடித்துப் பார்த்தார், பீர் உத்தரத்தை விட்டு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து, பூட்டு ரிப்பேர்காரர் எதிரில் ஒரு கிளாஸோடு உட்கார்ந்தார். தன் கடையில் வாடிக்கையாளராக உட்கார்வது அதுதான் முதல் தடவை. "அந்த உப்புல கொஞ்சம் குடுங்கண்ணே" என்றார். அங்கே யாரும் யாரிடமும் கேட்காத ஒன்று அது. ரிப்பேர்காரர் டப்பாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மெல்ல நகர்த்தி வைத்தார். பீர்க்காரர் ஒரு கல்லை நாக்கில் வைத்துக் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. "உனக்கு இது சும்மா தெரியாதுப்பா, நாளைக்குப் பட்டறைக்கு வா" என்றார் ரிப்பேர்காரர்.

போனார். காலையிலிருந்து உலைக்குப் பக்கத்தில் நின்று சாவிகளை அரம் போட்டார். சட்டை பிழிந்தால் ஒரு வாளி வரும் என்கிற அளவுக்கு வியர்த்தது. சாயங்காலம் வந்து உப்பும் பீருமாகக் குடித்தபோது முகம் கோணவில்லை. "ம்" என்றார். அடுத்து அக்காவின் தையல் அறைக்குப் போய்ப் பழைய போர்வைகளைப் பிரித்துக் கொடுத்தார். பஞ்சும் நூல்தூசியும் தொண்டையில் படிந்து, எலுமிச்சை பட்டதும்தான் அது இறங்கியது. பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, ஒரு பல்லைப் பிடுங்கச் சொன்னார். ஆடாத பல்லைப் பிடுங்க டாக்டர் சம்மதிக்கவில்லை, சுத்தம் பண்ணிக் கிராம்பு எண்ணெய் தடவி அனுப்பினார். நாள் முழுக்க அந்த வாசனையிலேயே இருக்கிற ஒருவருக்குச் சாயங்காலம் அது இல்லாத எதுவும் வெறிச்சென்று இருக்கும் என்பது பீர்க்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. லிஃப்ட் ஆபரேட்டர், தான் வேலை பார்த்த கட்டடத்துக்கு அவரைக் கூட்டிப்போய் மதியம் முழுக்க மேலும் கீழுமாகப் போக வைத்தார். ஊர் மொத்தத்தின் சென்ட்டும் வியர்வையும் அந்தப் பெட்டிக்குள் வந்து போயின. மூக்கு செத்துப்போயிற்று. மிளகு நக்கியதும் உயிர் வந்தது.

பட்டறையிலும் தையல் அறையிலும் அவர் இப்படிச் சுற்றச் சுற்ற, பீர் இறங்கியது. உத்தரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு, அங்கிருந்து முழ உயரத்துக்கு, பிறகு ஒரு சாண். மழைக்காலம் தொடங்கியபோது, அவ்வளவு முக்கியமில்லாத ஆள் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து மறுபடி உட்காருவோமே, அந்த மாதிரிதான் எழுந்தது. ஆனாலும் எழுந்தது. கல்லாக்கா எதையும் கேட்கவில்லை. புருஷன் உடம்பெல்லாம் இரும்புத்தூளும் நூலுமாக வீட்டுக்கு வருவதைப் பார்த்து, "என்ன வேலைக்குத்தான் போறீங்கன்னு ஒரு முடிவுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பின்கட்டுக் குழாய் ஒழுகிய ஒரு நாள் காரியம் நடந்தது. வாஷர் மாற்றுவதா, குழாயையே மாற்றுவதா என்று யோசித்தபடி பீர்க்காரர் ஒரு கிளாஸ் பிடித்தார், அக்கா வைத்துவிட்டுப் போயிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், உப்பைப் போட்டார், விரலால் கலக்கினார், குழாயைப் பார்த்துக்கொண்டே குடித்தார். பாதி குடித்த பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். மீதிப் பாதி கிளாஸிலேயே, இருந்த இடத்தில் இருந்தது. அவர் குழாயை அப்படியே விட்டுவிட்டு, "இந்தாம்மா! இந்தாம்மா!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

எல்லாரும் இருந்தார்கள். பூட்டு ரிப்பேர்காரர் கேட்காமலே டப்பாவைத் திறந்து நீட்டினார். தையல்காரம்மா பழத்தை நறுக்கினாள். பீர்க்காரர் புதுத் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து வந்து, கல்லா மேல் வைத்து, உப்பைப் போட்டு, சாறு பிழிந்து, ஸ்பூன் விட்டுக் கலக்கினார். பீர் கிளாஸிலேயே இருந்தது. "குடி" என்றார்.

கல்லாக்கா வாங்கினாள். முந்தானையால் கிளாஸின் விளிம்பைத் துடைத்தாள். வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். ருசி தெரியாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆசைப்பட்டதைக் குடித்தால் போதும் என்றுதான் இருவரும் நின்றார்கள். அவள் விழுங்கினாள். நெற்றி சுருங்கியது. மறுபடி ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, உப்பு தூக்கலா இருக்கு" என்றாள்.

யாருக்கும் உடனே உறைக்கவில்லை. தையல்காரம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பீர்க்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று டாக்டரும், சிரித்தார் என்று ரிப்பேர்காரரும் சொல்கிறார்கள். கல்லாக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. மூன்றாவது வாயை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பீரும் ஆகலை. நாளைக்குத்தான் ஆகும். அவசரப்பட்டுத் திறந்துட்டீங்க."

பீர்க்காரர் எழுந்து போய்த் தொட்டியை மூடினார். ஊற்றிக் கொடுத்த கிளாஸ்களையெல்லாம் மேசைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாளைக்கு வரலாம் என்று வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது கல்லாக்கா முதல் வாயை வெறும் பீராகக் குடித்து, ஒரு வார்த்தை சொல்கிறாள். அதன் பிறகு எல்லார் எதிரிலும் உப்பும் எலுமிச்சையும் போட்டு ஒரு கிளாஸ் கலக்கிக்கொள்கிறாள். யாராவது புதிதாக வந்து ஜாமோ சாக்லேட்டோ போட்டால் பீர் இன்னமும் எழுந்து நிற்பதுண்டு. அப்போது பீர்க்காரர் பின்கட்டிலிருந்து வந்து அவர்களோடு உட்கார்ந்து, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். பேசி முடிப்பதற்குள் பீர் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறது.